குடிப்பது கணக்கில் வராது

வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, விழுங்காமலும் துப்பாமலும் ஒரு மனுஷி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய், மத்தியானத் தூக்கத்தில் இருந்த பங்குச் சாமியாரைத் தட்டி எழுப்பி, சங்கதியைச் சொல்லி, பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற வரைக்கும் முடியும். என் கண்ணால் பார்த்தேன். செஞ்சியில் நான் குடிவந்த முதல் வாரம் அது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமைகளில் கறி தொடமாட்டார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதல் நாள் கறிக்குழம்பில் கிடந்த கரண்டியைக் கழுவாமல் ரசத்தில் போட்டுவிட்டாள் வேலைக்காரப் பெண். வீட்டுக்கார அம்மா ரசம் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்ட பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்து, "ஐயோ, கறிக் கரண்டி!" என்று கத்தினாள். அவ்வளவுதான், அம்மாவின் தாடை நின்றுவிட்டது. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டி, மண்டி ஆளைக் கூப்பிடச் சொல்லி ஜாடை காட்டினார். விழுங்கினால் வெள்ளிக்கிழமைப் பாவம், துப்பினால் சோற்றை வீணாக்கிய பாவம். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வீட்டுக்கா குடிவந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆள் திரும்பி வந்து மூச்சு வாங்கச் சொன்னான்: "கரண்டி கணக்குல வராதாம்மா."

அம்மா விழுங்கினார். தண்ணீர் குடித்தார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல என் பக்கம் திரும்பி, "நீ சாப்டியா பாப்பா?" என்று கேட்டார்.

அவர் எனக்கு வீட்டுக்கார அம்மா. அறுபதுகளின் நடுவில் நான் வல்லம் பிளாக் ஆபீசில் கிராம சேவிகாவாக இருந்தேன். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குக் குழந்தை வளர்ப்பு, காய்கறித் தோட்டம், மல்லாட்டைப் பால் காய்ச்சுவது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணமாகாத பெண், தனியாக பஸ் ஏறி ஊர் சுற்றுகிறவள் என்று செஞ்சியில் எனக்கு ஒருவரும் வீடு தரவில்லை. இந்த அம்மா மட்டும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ எந்தச் சாமிய வேணா கும்புடு. ஆனா இந்த வூட்ல பொய் மட்டும் பேசக் கூடாது. பேசினா அன்னைக்கே காலி பண்ணிடணும்" என்றார். அவர் புருஷன் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே மண்டி, அதற்குப் பின்னால் கிடங்கு, அதற்கும் பின்னால் ராஜகிரி மலை.

அம்மா நல்ல பருமன். அதை மறைத்துச் சொல்ல அவருக்கே பிடிக்காது. பஸ்ஸில் ஏறினால், "எனக்கு ரெண்டு டிக்கெட் கிழி, நான் ரெண்டு ஆள் எடத்துல உக்காருறேன்" என்பார். கண்டக்டர் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றால் விடமாட்டார். "சிரிக்காத. உக்காந்தா உக்காந்ததுதான?" என்பார். அவர் பேசினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். எனக்குத்தான் கூச்சத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டியிருக்கும்.

மகளின் கல்யாணத்தன்று அவர் செய்த கூத்தை மண்டியில் எல்லோரும் சொல்வார்கள். முதல் நாள் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, செய்திருக்கிறார். அடுத்த பூசைக்கு, அதாவது கல்யாணப் பூசைக்கு, முன்னால் ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்க வேண்டும் என்பது சாமியார் கொடுத்த அபராதம். கல்யாண வேலையில் பாதியில் விட்டது, மேளதாளத்தோடு கோயில் வாசலுக்கு வந்த பிறகு ஞாபகம் வந்திருக்கிறது. பட்டுப் புடவையோடு கோயில் படியில் உட்கார்ந்து மணியை உருட்ட ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை கோட்டுக்குள் வெந்துகொண்டு நிற்கிறார். மேளக்காரன் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் விழிக்கிறான். சம்பந்தியம்மா, "அப்புறமாச் சொல்லிக்கக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "முன்னாலன்னு சொன்னா முன்னாலதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மணிக்குப் போய்விட்டாராம்.

இப்படிப்பட்டவரை ஒருத்தர் பொய்க்காரி என்று சொன்னார். அதுவும் ஒரு கன்னியாஸ்திரி. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குத் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. குடல் வெளியே பிதுங்கிக்கொண்டு வருகிற கட்டி. வருஷக்கணக்காகப் புடவைக் கொசுவத்துக்குள் மறைத்து வைத்திருந்தார். ஒரு நாள் கிடங்கில் மூட்டையை நகர்த்தப் போனவர் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாந்தி நிற்கவில்லை. கட்டி கல்லைப்போல இறுகி, மேல்தோல் நீலம் பாரித்திருந்தது. டாக்ஸி பிடித்து, வடக்கே இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர், கன்னியாஸ்திரி. அவர் கையால் அழுத்தி அழுத்தி எப்படியோ குடலை உள்ளே தள்ளிவிட்டார். பிறகு எங்களை உட்காரவைத்துப் பேசினார். புத்தகத்தில் படித்த தமிழ், ஆனால் தெளிவாக இருந்தது.

"இது மறுபடி வெளியே வந்து சிக்கிக்கொண்டால் குடல் அழுகிவிடும். நீங்கள் இறந்துபோவீர்கள். அறுவை செய்ய வேண்டும். ஆனால் இவ்வளவு கொழுப்பில் நான் போடுகிற தையல் நிற்காது. மயக்க மருந்தையும் உங்கள் இருதயம் தாங்காது. முதலில் மெலிந்து, இரண்டு மாதம் கழித்து வாருங்கள்."

எப்படி மெலிவது என்றும் சொன்னார். ஒரு வேளை மட்டும் சாப்பாடு. அதுவும் ஒரு கைப்பிடிச் சோறு, வேகவைத்த கீரை. மற்ற வேளைகளில் ஒன்றும் சாப்பிடக் கூடாது. "பசித்தால் ஏதாவது குடியுங்கள்" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவோ வெளியே வந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "ஒருசந்தி இருக்கச் சொல்றாங்க பாப்பா. இது எனக்கு இன்னா புதுசா? சின்னப் புள்ளையிலிருந்து தபசு காலம் பூரா இருந்துக்கினு வர்றேன். நம்ம பங்குக் கோயில்ல என்னை மாதிரி ஒருசந்தி புடிக்கிறவ யாரு?" என்றார். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற நோன்பு நாட்களைத்தான் தபசு காலம் என்றார். அந்த நாட்களில் ஒரே வேளை சாப்பிடுவது ஒருசந்தி.

அன்றிலிருந்து ஆரம்பித்தார். ஒரு கைப்பிடிச் சோறு என்று டாக்டர் சொன்னாரே, யாருடைய கைப்பிடி என்று சொல்லவில்லை. அம்மாவின் கை பெரிய கை. அந்தப் பிடிக்கு ஒரு ஆளே சாப்பிடலாம். "என் கை கணக்கு ஆகாது. உன் கை சின்னக் கை. நீ புடி" என்று என்னைக் கூப்பிட்டார். காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், வடித்த சோற்றில் என் கையால் ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு நாள் பாவமாக இருக்கிறதே என்று விரலைத் தளர்த்திக் கொஞ்சம் கூட அள்ளினேன். "நேத்து இவ்ளோ இல்லியே" என்று திருப்பிக் கொட்டச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தக் கிண்ணத்தைப் பார்த்துப் பார்த்து நான் நம்பினேன். வாரத்தில் பாதி நாள் எனக்குக் கிராமங்களில் தங்கல், அந்த நாட்களில் வேலைக்காரப் பெண்ணின் கைப்பிடி. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போனால் திங்கட்கிழமை காலையில்தான் வருவேன். நான் இல்லாத நேரத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கிண்ணம்தான் தெரியும்.

டாக்டர் சொன்ன கெடு வந்ததும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா பரீட்சையில் பாஸான பெண்ணைப்போல எடை மிஷினில் ஏறினார். டாக்டர் முள்ளைப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். எடை குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது.

"நீங்கள் நான் சொன்னபடி சாப்பிடவில்லை."

"சொன்னபடிதான் சாப்புட்டேன் டாக்டரம்மா."

"நீங்கள் பொய் சொல்லுகிறீர்கள், அம்மா."

நான் பக்கத்தில் நிற்காமல் முன்னால் போய், என் கையால்தான் சோறு எடுத்து வைத்தேன், நானே சாட்சி என்று படபடவென்று பேசினேன். டாக்டர் என்னையும் அதே பார்வை பார்த்தார். "எடை மிஷின் பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வரிசையில் நின்ற பெண்களெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் முகத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. கோபமே இல்லை. அடி வாங்கின குழந்தையின் முகம்.

பஸ்ஸில் இரண்டு டிக்கெட் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்ததும்தான் வாயைத் திறந்தார். "பாப்பா, நான் பொய் சொன்னேனா?"

"இல்லம்மா" என்றேன். பிறகு ஏதோ தோன்றி, "சோறு ஒரு பிடிதான். வேற ஏதாவது குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"குடிச்சேன். பசிச்சா குடின்னாங்களே."

"இன்னா குடிச்சீங்க?"

ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னார். காலையில் வெல்லம் போட்டு ஒரு சொம்பு மல்லாட்டைப் பால். அதைக் காய்ச்சக் கற்றுக்கொடுத்ததே எங்கள் ஆபீஸ்தான். பதினொரு மணிக்கு ஆட்டுக்கால் ரசம், வடிகட்டினது. சாயங்காலம் பாயசம், அதுவும் வடிகட்டினது. சேமியாவைப் புருஷனுக்குக் கொடுத்துவிடுவார். படுக்கும்போது நெய் விட்டுப் பசும்பால். ஞாயிற்றுக்கிழமைகளில் சோறும் கறிக்குழம்பும் வழக்கம்போல, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் நாள், அன்றைக்கு ஒருசந்தி கிடையாது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ஐயோ அம்மா, அதெல்லாமும் சாப்பாடுதாம்மா!" என்று கத்தினேன்.

"குடிக்கிறது ஒருசந்திய முறிக்காது பாப்பா" என்றார் நிதானமாக. "சாமியார் வருஷா வருஷம் பிரசங்கத்துல சொல்றாரு. குடிக்கிறது கணக்குல வராது."

அப்போதே எழுந்து, என்னையும் இழுத்துக்கொண்டு சாமியாரிடம் போனார். பங்குச் சாமியார் நல்ல மனுஷர், வயதானவர், எதற்கும் சிரிக்கிறவர். விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "அடியம்மா, அது கோயில் ஒருசந்தி. இது டாக்டர் ஒருசந்தி. கோயில்ல பால் கணக்குல வராது, டாக்டர்கிட்ட வரும். இது தெரியாதா உனக்கு?"

அம்மா சிரிக்கவில்லை. "தெரியாது சாமி" என்றார். "ஒருசந்தின்னா ஒண்ணுதான்னு நெனச்சிட்டேன்."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனார். போய், தான் குடித்ததையெல்லாம் டாக்டரிடம் வரிசையாக ஒப்பித்தார். அதைக் கேட்டு டாக்டருக்கு இன்னும் கோபம் வந்தது. தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தார் போலிருக்கிறது. அம்மா அதைப் பொருட்படுத்தாமல் கேட்டுக்கொண்டே போனார். மோர் கணக்கா? தண்ணி மோர் கூடாதா? இளநீர்? சோறு வடிச்ச கஞ்சி? வாய் கொப்பளிக்கிற தண்ணி? டாக்டர் எழுந்து நின்று, "அந்த ஒரு பிடிச் சோறு, கீரை. தண்ணீர். நீர் மோர். வேறு எதுவும் உங்கள் வாயில் படக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையிலும்" என்றார்.

"படக் கூடாது. சரி" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் திகிலாக இருக்கிறது. சமையல் அவர்தான் செய்தார், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் உப்புப் பார்க்கமாட்டார். நாக்கில் பட்டால் பட்டதுதானே. ஒரு நாள் குழம்பு உப்புக் கரிக்கும், ஒரு நாள் உப்பே இருக்காது. அவர் புருஷன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டு எழுந்துபோவார். அவர் எதற்கும் குரல் உயர்த்தாத மனுஷர். தெருவில் பலகாரம் சுடுகிற வாசனை வந்தால் அம்மா கட்டிலைக் கிடங்கில் போடச் சொல்லி அங்கே போய்ப் படுத்துக்கொள்வார். கூரை வரைக்கும் மல்லாட்டை மூட்டை. நடுவில் கட்டில். கீழே சிந்திக் கிடக்கிற பருப்பை எலி தின்னும். அவர் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

சனிக்கிழமைகளில் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, மூட்டை நிறுக்கிற பெரிய தராசின் ஒரு தட்டில் அம்மா உட்காருவார். மறு தட்டில் புருஷன் கல் வைப்பார். வாரத்துக்கு வாரம் கல் குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் கேட்ட எடைக்குக் கீழேயும் போனது. கையிலிருந்த வளையலெல்லாம் கழன்று விழுந்தது. கழுத்திலும் மேல்கையிலும் தோல் மடிந்து தொங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் துக்கம் விசாரிக்க வருகிறவர்களைப்போல வந்து, பார்த்துவிட்டுப் போனார்கள். டி.பி. என்று தெருவில் பேச்சு அடிபட்டது.

மெட்ராஸில் ரயில்வேயில் வேலை பார்த்த மகன் லீவில் வந்தான். மண்டி வாசலில் நின்ற அம்மாவைத் தாண்டி இரண்டு எட்டு போய்விட்டுத் திரும்பி, "அம்மா எங்க இருக்குது?" என்று அவரிடமே கேட்டான்.

"நான்தான்டா" என்றார் அவர்.

அவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதான். நானும் அழுதேன். அம்மா மட்டும் அழவில்லை. கண்ணீர் வாயில் பட்டால் கணக்கா என்று கேட்டாலும் கேட்பார் என்று எனக்குத் தோன்றியது.

அன்று மத்தியானம் புருஷன் முதல்முறையாகப் பேசினார். மகனுக்குச் செய்த கறிக்குழம்பில் சோற்றைப் பிசைந்து ஒரு உருண்டை உருட்டிக்கொண்டு கிடங்குக்கு வந்தார். "ஒரு வாய் வாங்கிக்க. டாக்டர் இன்னா இங்க வந்து பார்த்துக்கினா இருக்காங்க?" என்றார்.

"அவுங்க பார்க்கல. நான் பார்த்துக்கினு இருக்கேனில்ல?" என்றார் அம்மா. புருஷன் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் திரும்பிப் போனார்.

நடுவில் ஒரு தடவை கட்டி மறுபடி இறுகியது. ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்து, கையால் அழுத்திக்கொண்டே கிடந்தார். நாங்கள் டாக்ஸிக்கு ஓடுவதற்குள் அதுவாக உள்ளே போய்விட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இந்த அம்மா செத்துப்போவதற்குப் பயப்படவில்லை. பொய்க்காரி என்ற பேரோடு செத்துவிடுவோமோ என்றுதான் பயந்தார்.

அதற்குப் பிறகு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம், டாக்டர் எடை மிஷின் முள்ளைப் பார்த்தார். மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று மட்டும் சொன்னார். "இப்போதிலிருந்து ஒன்றும் வாயில் படக் கூடாது. தண்ணீரும் கூடாது."

காலையில் முதல் பஸ்ஸுக்கே பங்குச் சாமியார் வந்துவிட்டார். செஞ்சியிலிருந்து நன்மையைச் சிமிழில் வைத்து எடுத்து வந்திருந்தார். நன்மை என்றால் பூசையில் கொடுக்கிற அப்பம். அது வெறும் அப்பமில்லை, ஆண்டவரே என்பது அவர்கள் நம்பிக்கை. ஆபரேஷனில் உயிர் போனாலும் போகலாம் என்பதால் நன்மை கொடுத்து, எண்ணெயும் பூசிவிட்டுப் போக வந்தார். புருஷன், மகன், மகள், மருமகன் எல்லோரும் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்றார்கள். நான் மட்டும் சுவரோரம் நின்றேன்.

சாமியார் வெள்ளையான அந்தச் சின்ன வட்டத்தை எடுத்து நீட்டினார். அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வாயைத் தொறம்மா."

அம்மா தலையை அசைத்தார். "நெத்தியில பூசுங்க சாமி. வாயில வேணாம்."

மகள் "அம்மா!" என்று அலறினாள். ஒரு ஜெபமாலைக்காகக் கல்யாணத்தையே நிறுத்தியவர், சாவு வாசலில் ஆண்டவரை வேண்டாம் என்கிறாரே.

சாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. "இது சாப்பாடு இல்லம்மா, ஆண்டவர்."

"ஆண்டவருன்னு எனக்குத் தெரியும் சாமி. வயித்துக்குத் தெரியுமா?"

"இதெல்லாம் கணக்குல வராதும்மா. நான் சொல்றேன்."

"குடிக்கிறது கணக்குல வராதுன்னும் நீங்கதான் சொன்னீங்க" என்றார் அம்மா. குரலில் கோபமில்லை. "அத நம்பித்தான் நான் பொய்க்காரி ஆனேன்."

சாமியார் நெற்றியில் எண்ணெய் பூசினார். எண்ணெய் புருவத்தில் வழிந்தது. சிமிழை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனார். புருஷன் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு, "வாங்கிக்கடி, வாங்கிக்க" என்று சின்னப் பிள்ளைபோல அழுதுகொண்டிருந்தார். அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுத்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் வந்தார். நர்ஸிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார், ஏதாவது சாப்பிட்டாரா என்று. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு, "நன்மையும் வாங்கல சிஸ்டர்" என்றாள்.

டாக்டர் புரியாமல் அம்மாவைப் பார்த்தார். "நற்கருணை வாங்கவில்லையா? ஏன்?"

"ஒண்ணும் வாயில படக் கூடாதுன்னீங்களே."

அந்த வெள்ளைக்கார முகம் அப்படியே சிவந்துபோனதை நான் பார்த்தேன். அவரும் கன்னியாஸ்திரிதானே. இந்த மனுஷி எதை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று அங்கே அவரைவிட யாருக்குத் தெரியும்? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தோல் தொங்குகிற அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்றைக்கு நீங்கள் பொய் சொல்லுகிறீர்கள் என்று சொன்னேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. என்னை மன்னியுங்கள்."

அப்போதுதான் அம்மா அழுதார். அத்தனை மாதத்தில் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டே அழுதார்.

டாக்டர் மகனை அனுப்பி, கேட் வரைக்கும் போய்விட்டிருந்த சாமியாரைக் கூட்டிவரச் செய்தார். அம்மா சாமியாரைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தே கேட்டார்: "இது கணக்குல வராதே?"

"வராது."

"நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்லுகிறேன்."

அம்மா வாயைத் திறந்தார். டாக்டர் உத்தரவு கொடுத்து ஆண்டவரை வாங்கிய மனுஷியை எங்கள் சாமியார் அதற்கு முன்னால் பார்த்திருக்கமாட்டார். நன்மையை நாக்கில் வைத்துவிட்டுச் சிமிழை மூடினார்.

தையல் நின்றது. அம்மா பிழைத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநாள் வரைக்கும் கூன் போட்டுத்தான் நடந்தார், யாராவது கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அதனால்தான் அடுத்த தபசு காலம் ஆரம்பிக்கிற விபூதிப் புதனன்று நானும் அவரோடு மாதா கோயிலுக்குப் போனேன். நெற்றியில் சாம்பல் பூசி முடிந்ததும் சாமியார் பிரசங்க மேடையில் ஏறி, வருஷா வருஷம் படிக்கிற ஒருசந்தி சட்டங்களைப் படித்தார். யார் யார் பிடிக்க வேண்டும், எந்த வயதுக்காரர்களுக்கு விலக்கு, எத்தனை வேளை என்று படித்துக்கொண்டே வந்து, "குடிப்பது ஒருசந்தியை முறிக்காது" என்றார்.

பக்கத்தில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை முக்காடும் திரும்பியது. பிரசங்கத்தின் நடுவில் ஒரு பொம்பளை எழுந்து நின்று அந்தக் கோயில் பார்த்ததில்லை. நான் அவர் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"முறிக்கும் சாமி" என்றார்.

சாமியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "உக்காரும்மா. இது டாக்டர் ஒருசந்தி இல்ல. கோயில் ஒருசந்தி."

"ரெண்டுக்கும் வயிறு ஒண்ணுதான சாமி" என்று சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்தார்.

சாமியார் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அந்தத் தபசு காலம் முழுக்க அம்மா ஒருசந்தி நாட்களில் தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்கவில்லை. டாக்டர் கஞ்சி குடிக்கச் சொல்லியிருக்கிறாரே என்று நான் சண்டை போட்டதற்கும் மசியவில்லை. ஒரு நாள் சாமியாரின் சமையல்காரர் மண்டிக்கு மல்லாட்டை எண்ணெய் வாங்க வந்தார். விபூதிப் புதனிலிருந்து சாமியார் சாயங்காலக் காப்பியை நிறுத்திவிட்டார், ராத்திரிப் பாலையும் வேண்டாம் என்கிறார், உடம்புக்கு என்னவோ தெரியவில்லை என்று கவலைப்பட்டார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே எண்ணெய் அளந்து ஊற்றினார்.